இலையைக் காட்டினால் மரத்தின் பெயர் சொல்லும் செல்போன்!

தெருவில் ஒரு மரம் நிற்கிறது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அதை அண்ணாந்து பார்க்கிறான்.

"அப்பா! இது என்ன மரம்?" என்று கேட்கிறான்.

அப்பாவுக்குத் தெரியவில்லை! தினமும் அந்த மரத்து நிழலில்தான் அவர் பஸ்சுக்குக் காத்து நிற்கிறார். ஆனால், அதன் பெயர் அவருக்குத் தெரியாது.

"ஏதோ ஒரு மரம்" என்று சொல்லிச் சமாளிக்கிறார்.

இது எத்தனையோ வீடுகளில் நடக்கிற சங்கதி. தாத்தாவுக்கு ஊரில் உள்ள எல்லா மரமும் தெரிந்திருந்தது. அப்பாவுக்குப் பத்து மரம் தெரியும். பிள்ளைக்கு மா, தென்னை, வேம்பு தெரிந்தாலே அதிகம்!

இந்தக் கேள்விக்கு இப்போது செல்போன் பதில் சொல்கிறது.

கீழே கிடக்கும் இலையை எடுக்க வேண்டும். செல்போனால் அதைப் படம் பிடிக்க வேண்டும். சில விநாடிகளில் மரத்தின் பெயர் வந்துவிடும்!

இது மந்திரமா? இல்லை. ஜோசியமா? அதுவும் இல்லை.

அப்படியானால், செல்போனுக்கு மரங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பார்ப்போம்.

முகம் அறிந்த கம்ப்யூட்டர்

இந்த வேலையில் பேர் பெற்ற முதல் கூட்டம் அமெரிக்காவில் இருந்தது.

வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் என்ற புகழ் பெற்ற காட்சிசாலை இருக்கிறது. அங்கே ஜான் கிரெஸ் என்ற தாவர விஞ்ஞானி இருந்தார். மரம், செடி, கொடிகளை ஆராய்வது அவர் தொழில்.

நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் பெல்ஹியூமர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் இருந்தார். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜேக்கப்ஸ் என்ற இன்னொரு நிபுணர் இருந்தார்.

இந்த நிபுணர்களுக்கு மரங்களைப் பற்றி அதிகம் தெரியாது. அவர்கள் ஆராய்ந்தது மனித முகங்களை! ஒரு படத்தைக் காட்டினால், "இது இன்னார் முகம்" என்று கம்ப்யூட்டரைச் சொல்ல வைப்பது எப்படி என்று ஆராய்ந்தார்கள்.

முகத்தை அறிகிற கம்ப்யூட்டருக்கு இலையை அறிய முடியாதா? இந்த யோசனைதான் அவர்களை ஒன்று சேர்த்தது.

2011-ம் ஆண்டில் அவர்கள் உழைப்பு வெளிவந்தது. அதன் பெயர் 'லீஃப்ஸ்நாப்.' செல்போனில் போட்டுக்கொள்ளும் இத்தகைய ஏற்பாட்டுக்குச் 'செயலி' என்று பெயர். 'ஆப்' என்றும் சொல்வார்கள். அதை இலவசமாகவே கொடுத்தார்கள்.

30 ஆயிரம் படங்கள்!

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உள்ள 185 வகை மரங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

185 மரத்துக்கு எத்தனை படம் எடுத்தார்கள் தெரியுமா? ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்து எடுத்த படங்கள் 23,147. வெளியிடங்களில் செல்போனால் எடுத்த படங்கள் 7,719. மொத்தம் 30 ஆயிரத்துக்கு மேல்!

ஒரே மரத்துக்கு ஏன் இத்தனை படம்?

ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே சாயலில் இருப்பதில்லை அல்லவா? இலையும் அப்படித்தான். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒன்றைப் புழு கடித்திருக்கும். ஒன்று வெயிலில் சுருண்டிருக்கும். எல்லாவற்றையும் பார்த்துப் பழகினால்தான் கம்ப்யூட்டர் ஏமாறாது.

வேலை நடந்த விதம் இதுதான்:

வெள்ளைக் காகிதத்தின் மேல் இலையை வைத்துப் படம் பிடிக்க வேண்டும். "இது இலைதானா?" என்று கம்ப்யூட்டர் முதலில் பார்க்கும். பிறகு வெள்ளைக் காகிதத்தைத் தள்ளிவிட்டு, இலையின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். காம்பையும் நீக்கிவிடும்.

அடுத்தபடியாக இலையின் ஓரத்தை அளக்கும். எங்கே வளைகிறது? எங்கே நெளிகிறது? எங்கே ரம்பம்போல் பல் இருக்கிறது? இவற்றை எல்லாம் கணக்கு எடுத்து, தன்னிடம் உள்ள படங்களோடு ஒத்துப் பார்க்கும்.

கடைசியில் பெயரைச் சொல்லும். இங்கேதான் ஒரு விசேஷம். அது ஒரே ஒரு பெயரைச் சொல்லவில்லை. பல பெயர்களை வரிசையாகக் காட்டியது! ஒவ்வொரு மரத்தின் பூ, காய், பட்டை ஆகியவற்றின் படங்களையும் காட்டியது.

"இவற்றில் உன் மரம் எது என்று நீயே பார்த்துக்கொள்" என்பதுதான் இதற்கு அர்த்தம். தீர்ப்பு மனிதன் கையில்!

புதிய செயலிகள்

அதன் பிறகு இந்த வித்தை வேகமாக வளர்ந்தது. இப்போதைய செயலிகளுக்கு வெள்ளைக் காகிதம் கட்டாயம் இல்லை. மரத்தில் இருக்கும் இலையையே படம் எடுக்கலாம். பூவையும் காயையும் பட்டையையும்கூடப் படம் எடுத்துக் காட்டலாம்.

பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து 'பிளான்ட்நெட்' என்ற திட்டத்தை நடத்துகின்றன. 2013-ல் அது செல்போனுக்கு வந்தது.

இன்னொன்று 'ஐநேச்சுரலிஸ்ட்.' 2008-ல் அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், மூன்று மாணவர்கள் தங்கள் படிப்புக்காகச் செய்த வேலை அது! இன்று மரம் மட்டும் அல்ல, பறவை, பூச்சி எல்லாவற்றுக்கும் அது பயன்படுகிறது. சிறுவர்களும் பயன்படுத்தும்படி, அதன் உறவாக 'சீக்' என்ற செயலி 2018-ல் வந்தது.

இந்த மூன்றுக்கும் பணம் கொடுக்க வேண்டியது இல்லை. வேறு சில செயலிகள் சில நாள் இலவசம் என்று சொல்லிவிட்டு, பிறகு பணம் கேட்கும். ஆகவே, போனில் ஏற்றும்போதே படித்துப் பார்ப்பது நல்லது.

புதிய செயலிகள் கற்கும் முறையும் வேறு. "ஓரத்தை அள" என்று யாரும் சொல்வதில்லை. "இது அரசு, இது ஆல், இது புங்கு" என்று பெயர் எழுதிய படங்களை ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டருக்குக் காட்டுகிறார்கள். பார்த்துப் பார்த்து, வித்தியாசத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது.

குழந்தை 'அ', 'ஆ' கற்பதும் இப்படித்தானே!

வாத்தியார் யார்?

படங்களில் பெயர் எழுதிக் கொடுத்தவர் யார்?

மனிதர்கள்தான்!

ஐநேச்சுரலிஸ்டில் ஒருவர் படம் அனுப்புகிறார். மரம் அறிந்த மற்றவர்கள் பார்த்து, "இது இன்ன மரம்" என்று சொல்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே பெயரைச் சொன்னால்தான், அந்தப் பெயர் ஆராய்ச்சிக்குத் தகுதி உடையது ஆகும். பிளான்ட்நெட்டிலும் மற்றவர்கள் பார்த்துச் சரி, தப்பு சொல்ல வழி இருக்கிறது.

ஆகவே, செல்போனின் அறிவு தானாக முளைத்தது அல்ல. காடு மேடு அலைந்தவர்கள், தோட்டம் போட்டவர்கள், கல்லூரியில் தாவரம் படித்தவர்கள் ஆகியோரின் அறிவுதான் அதற்குள் இருக்கிறது. அவர்கள் பார்க்காத மரம் செல்போனுக்கும் தெரியாது!

உலகில் எத்தனை வகை மரங்கள் இருக்கின்றன? 2017-ல் விஞ்ஞானிகள் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் இருந்த மர வகைகள் 60,065. "மொத்தம் சுமார் 73 ஆயிரம் வகை இருக்கலாம். அவற்றில் சுமார் 9 ஆயிரம் வகைகளை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவே இல்லை" என்று 2022-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சி மதிப்பிட்டது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மர வகைகள் குறைவு. படம் அனுப்புகிறவர்கள் அதிகம். நம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளில் மர வகைகள் அதிகம், படங்கள் குறைவு. அதனால், நம் ஊர் மரத்தைச் சொல்லும்போது செல்போன் சில சமயம் தடுமாறுகிறது.

எங்கே ஏமாறும்?

அரச இலையும் பூவரச இலையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இரண்டும் இதய வடிவம். ஆனால், அரச இலையின் நுனி வால்போல் நீண்டிருக்கும். பூவரச இலைக்கு அவ்வளவு நீண்ட வால் கிடையாது. நுனி மடங்கிய இலையைப் படம் எடுத்தால், செல்போன் என்ன செய்யும், பாவம்!

வேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஓர் இலை என்று கிள்ளுகிறோமே, அது முழு இலை அல்ல. ஓர் ஈர்க்கும் அதன் இருபுறமும் உள்ள சிற்றிலைகளும் சேர்ந்ததுதான் ஒரு வேப்பிலை! மலைவேம்பில் ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரியும். அவற்றில் சிற்றிலைகள் இருக்கும். ஒரே ஒரு சிற்றிலையைக் கிள்ளிக் காட்டினால் இந்த வித்தியாசம் தெரியாது.

பலா மரத்தில் இன்னொரு வேடிக்கை. முற்றிய மரத்தின் இலை முழுசாக இருக்கும். கன்றின் இலையிலோ பிளவுகள் காணப்படும். மாங்கொழுந்து செம்பு நிறம். முற்றிய இலை கரும்பச்சை. ஒரே மரத்துக்கு இரண்டு வேஷம்!

இன்னொரு குறையும் உண்டு. செல்போனுக்குக் கண் இருக்கிறது, மூக்கு இல்லை! கறிவேப்பிலையைக் கசக்கினால் வாசனையிலேயே நாம் கண்டுபிடித்துவிடுவோம். செல்போனால் அது முடியாது.

சில செயலிகள் பெயருக்குப் பக்கத்தில் 'இத்தனை சதவிகிதம்' என்று காட்டும். அது பரீட்சை மார்க் அல்ல. "எனக்கு இவ்வளவு நம்பிக்கை இருக்கிறது" என்று செல்போன் சொல்கிறது. அவ்வளவுதான். நம்பிக்கையோடு தப்புச் சொல்கிற மனிதர்கள் இல்லையா? அதைப்போல!

உயிரோடு விளையாடாதீர்கள்!

பெயர் தப்பினால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம்.

சில சமயம் உயிரே போய்விடும்!

மஞ்சள் அரளியின் எல்லாப் பாகமும் விஷம். அது இதயத்தைத் தாக்கும். எட்டி மரத்தின் பழம் பார்ப்பதற்கு ஆரஞ்சுபோல் அழகாக இருக்கும். அதன் விதையில் கொடிய விஷம் இருக்கிறது.

"இது மருந்து இலை என்று போன் சொன்னது" என்று ஓர் இலையைக் கஷாயம் போட்டுக் குடிப்பது மடமை. "இந்தப் பழத்தைத் தின்னலாம் என்று போன் சொன்னது" என்று குழந்தைக்குக் கொடுப்பதும் அப்படித்தான்.

செல்போன் சொல்வது ஒரு யூகம். யூகத்தை நம்பி எதையும் வாயில் போடக் கூடாது. மரத்தை நேரில் பார்த்து அறிந்தவர் சொல்ல வேண்டும். குழந்தை எதையாவது தின்றுவிட்டால், செல்போனில் இலையைப் படம் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தின்ற காயையோ இலையையோ கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

படம் எடுப்பது எப்படி?

சரியாகப் படம் எடுத்தால், செல்போன் சரியாகச் சொல்வதற்கு வாய்ப்பு அதிகம். அதற்குச் சில வழிகள்:

1. கொழுந்து வேண்டாம், சருகும் வேண்டாம். நன்றாக முற்றிய இலையை எடுங்கள்.

2. இலையைக் காம்போடு முழுசாகக் காட்டுங்கள். வேம்பு, புளி, முருங்கை போன்றவற்றில் ஈர்க்கோடு முழு இலையும் தெரிய வேண்டும். வில்வத்துக்கு மூன்று சிற்றிலைகளும் வேண்டும்.

3. பின்னால் வேறு இலைகள் தெரிந்தால் செல்போன் குழம்பும். ஒரு காகிதத்தின் மேல் வைத்து எடுங்கள்.

4. இலையின் முன்பக்கம் ஒரு படம். பின்பக்கம் ஒரு படம். பூ, காய், பட்டை, முழு மரம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஒரு படம்.

5. மரத்தை ஒடிக்காதீர்கள். கீழே கிடக்கும் இலையே போதும். ஆனால், அது அந்த மரத்து இலைதானா என்று மேலே பார்த்துக்கொள்ளுங்கள்!

6. மரத்திலிருந்து பால் வடிந்தால், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. படம் எடுத்த இடத்தையும் செயலிகள் குறித்துக்கொள்ளும். மரத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால், சந்தனம், செம்மரம் போன்ற மரங்கள் நிற்கும் இடத்தை ஊரெல்லாம் பறைசாற்றினால் திருடன் வந்துவிடுவான்! அழியும் நிலையில் உள்ள மரங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துவிடுகிறது. உங்கள் வீட்டு இடம் தெரிய வேண்டாம் என்றால், அதையும் மறைத்துக்கொள்ளலாம்.

இரட்டைப் பெயர்

செல்போன் சில சமயம் வாயில் நுழையாத பெயரைச் சொல்லும். 'ஃபைகஸ் ரிலிஜியோசா' என்று சொல்லும். யார் இவர்? நம்முடைய அரச மரம்தான்!

ஒரே மரத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. புங்கு, புங்கை, புங்கன் எல்லாம் ஒன்றுதான். வேறு மொழிக்குப் போனால் பெயரே மாறிவிடும். எல்லா நாட்டு விஞ்ஞானிகளும் பேசிக்கொள்ள ஒரு பொதுப் பெயர் வேண்டாமா? ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைத்தார். இன்றும் அதே முறைதான்.

முதல் சொல் உறவைக் காட்டும். அரசுக்கு 'ஃபைகஸ்', ஆலுக்கும் 'ஃபைகஸ்', அத்திக்கும் 'ஃபைகஸ்.' மூன்றும் நெருங்கிய சொந்தம்! பூவரசுக்கு அந்தப் பெயர் இல்லை. அதன் பெயர் 'தெஸ்பீசியா பாப்புல்னியா.' அரசு என்று பெயர் இருந்தாலும் அது அரசுக்கு உறவு அல்ல.

பாட்டியும் போனும்

தெருவில் அண்ணாந்து பார்த்த சிறுவனிடம் திரும்பி வருவோம்.

அப்பா இலை ஒன்றைப் படம் பிடிக்கிறார். இரண்டு பெயர்கள் வருகின்றன. முதலில் அரசு. இரண்டாவது பூவரசு. எது சரி? அப்பா விழிக்கிறார்.

வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்து வருகிறாள்.

"அந்த இலையை இப்படிக் கொடுடா, கண்ணு" என்கிறாள்.

மரத்திலிருந்து ஓர் இலைக்காம்பைக் கிள்ளிப் பார்க்கிறாள். அரசாக இருந்தால் பால் வடியும். வடியவில்லை. கையில் இருந்த இலையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதுகிறாள். 'பீ...!' என்று ஊதல் கத்துகிறது. சிறுவன் துள்ளிக் குதிக்கிறான்.

"இது பூவரசுடா. அதோ பார், மஞ்சள் பூ. வாடினால் சிவந்து போகும். இந்த இலையில்தான் என் அம்மா கொழுக்கட்டை அவிப்பாள்" என்கிறாள் பாட்டி.

செல்போனில் அப்பா பூவரசு என்ற பெயரைத் தொடுகிறார். மேலும் செய்தி வருகிறது. அவர் படித்துச் சொல்கிறார்:

"அம்மா! பூவரசு, பருத்தி, வெண்டை, செம்பருத்தி எல்லாம் ஒரே குடும்பமாம்!"

"அப்படியா சங்கதி! வெண்டைக்காய்க்குப் பூவரசு சொந்தமா? எழுபது வயதில் இதையும் தெரிந்துகொண்டேன்!" என்று பாட்டி சிரிக்கிறாள்.

பாட்டிக்குத் தெரிந்தது போனுக்குத் தெரியவில்லை. போனுக்குத் தெரிந்தது பாட்டிக்குத் தெரியவில்லை. சிறுவனுக்கோ இப்போது இரண்டும் தெரியும்!

அப்பா அந்த மரத்தின் பூவையும் காயையும் படம் பிடித்து, 'பூவரசு' என்று சரியான பெயரோடு அனுப்பி வைக்கிறார். நாளைக்கு வேறு ஊரில் வேறு ஒரு சிறுவன் இதே கேள்வியைக் கேட்பான். அப்போது செல்போன் தப்பாமல் பதில் சொல்ல அந்தப் படம் உதவும்.

மரம் அறிந்தவர்கள் இருக்கிற வரையில்தான் செல்போனுக்கு வாத்தியார் உண்டு. உங்கள் வீட்டில் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் செல்போனையும் கூட்டிக்கொண்டு, அவர்களோடு தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். முதலில் பாட்டியிடம் கேளுங்கள். பிறகு போனிடம் கேளுங்கள்.

இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொன்னால் சந்தோஷம். வேறு வேறு பெயரைச் சொன்னால் இன்னும் சந்தோஷம். அன்றைக்குத்தான் அந்த மரத்தை நீங்கள் நன்றாக உற்றுப் பார்ப்பீர்கள்!